குதிகாலும் கோயில் மணியும்

தேசங்களின் திருநாள் – 9: மெக்சிகோ

செப்டம்பர் 15, இரவு 11 மணி. மெக்சிகோ நகரின் சோக்கலோ சதுக்கத்தில் எள் விழ இடமில்லை. எல்லோர் பார்வையும் தேசிய மாளிகையின் மாடத்தின் மேல். கையில் மூவண்ணக் கொடியுடன் அதிபர் வெளியே வருகிறார். விடுதலைப் போரின் நாயகர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். கூட்டமும் 'வாழ்க' என்று முழங்குகிறது. கடைசியில் மூன்று முறை 'விவா மெக்சிகோ!' பிறகு மாடத்துக்கு மேலே தொங்கும் பழைய மணியின் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார். வாணவேடிக்கை தொடங்குகிறது.

மறுநாள் 16ஆம் தேதி தேசிய விடுமுறை. தலைநகரில் ராணுவ அணிவகுப்பு, வீடுகளில் விருந்து. பச்சை மிளகாய்க்குள் இறைச்சிக் கலவையை அடைத்து, வெள்ளை வால்நட் விழுதை ஊற்றி, சிவந்த மாதுளை முத்துக்களைத் தூவுவார்கள். நாட்டுக் கொடியின் மூன்று நிறமும் தட்டிலேயே வந்துவிடும்.

ஆனால், மெக்சிகோவுக்கு விடுதலை கிடைத்த நாள் இது அல்ல. அது 1821 செப்டம்பர் 27. இவர்கள் கொண்டாடுவது அதற்கு 11 ஆண்டுகள் முன்பு ஒரு சிற்றூரில் தொடங்கிய கிளர்ச்சியை. அதைத் தொடங்கியவர் ஓராண்டுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். முடித்த நாளை விட்டுவிட்டு, தொடங்கிய நாளை ஏன் பிடித்துக்கொண்டார்கள்?

பட்டுப்புழு வளர்த்த பாதிரியார்

1521இல் ஸ்பெயின் பிடித்த மண் அது. முந்நூறு ஆண்டுகளாக உயர்பதவியெல்லாம் ஸ்பெயினில் பிறந்து வந்தவர்களுக்கே. அதே ஸ்பானிய ரத்தமாக இருந்தாலும் மெக்சிகோவில் பிறந்தவர் இரண்டாம் தட்டு. பூர்வகுடிகளுக்கும் கலப்பினத்தாருக்கும் நிலமும் இல்லை, குரலும் இல்லை. 1808இல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னரைப் பிடித்து வைத்துக்கொண்டு தன் அண்ணனை அரியணையில் ஏற்றினார். மன்னரே இல்லாதபோது யாருக்கு அடங்கி நடப்பது என்ற கேள்வி கடல் கடந்து வந்தது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் மிகேல் இதால்கோ. டோலோரெஸ் என்ற ஊரின் பங்குத் தந்தை, வயது 57. டோலோரெஸ் என்றால் துயரங்கள். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் வியாகுல மாதா என்று வணங்கும் அன்னையின் பெயர்தான் அது. ஒரு காலத்தில் கல்லூரி முதல்வராக இருந்த இதால்கோ, இங்கே ஊர் மக்களுக்கு மட்பாண்டம் செய்யவும் தோல் பதனிடவும் தேனீயும் பட்டுப்புழுவும் வளர்க்கவும் கற்றுக்கொடுத்தார். திராட்சையும் ஒலிவமும் பயிரிட்டார். ஸ்பெயினின் வியாபாரம் கெடும் என்று அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்த பயிர்கள் அவை.

பூட்டிய அறை

பக்கத்துக் கெரேதாரோ நகரில் இலக்கியக் கூட்டம் என்ற பெயரில் ரகசியச் சந்திப்புகள் நடந்தன. இதால்கோவோடு ராணுவ அதிகாரிகள் இக்னாசியோ அயெந்தே, உவான் அல்தாமா, நகர நிர்வாகியின் மனைவி ஹோசெஃபா ஒர்த்திஸ் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். 1810 செப்டம்பரில் யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

சோதனைக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது ஹோசெஃபாவின் கணவருக்கே. சதிகாரர்கள் பக்கம் அவருக்கும் சாய்வு உண்டு. ஆனாலும் மனைவி ஏதாவது செய்துவிடுவாரோ என்று பயந்து, அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். ஹோசெஃபா குதிகாலால் தரையை ஓங்கித் தட்டினாராம். கீழே இருந்த சிறைக் காவலர் ஓடி வந்தார். சாவித் துவாரம் வழியாகப் போன சேதி, குதிரையில் அல்தாமாவை அடைந்து, செப்டம்பர் 16 அதிகாலையில் டோலோரெஸுக்கு வந்து சேர்ந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒளிந்துகொள்ளலாம் அல்லது உடனே எழலாம். இதால்கோ கோயில் மணியை அடிக்கச் சொன்னார். பூசைக்கு வந்த குடியானவர்களிடம் பேசினார். என்ன பேசினார் என்பதற்கு நம்பத்தக்க பதிவு கிடையாது. ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னாளில் அதற்கு 'டோலோரெஸின் முழக்கம்' என்று பெயர் வந்தது.

வெற்றியும் களங்கமும்

அரிவாள், கவண், ஈட்டி, தடியோடு கிளம்பிய கூட்டம், வழியில் அத்தோத்தோனில்கோ ஆலயத்திலிருந்து குவாதலூப்பே அன்னையின் படத்தைக் கொடியாக எடுத்துக்கொண்டது. ஊருக்கு ஊர் பெருகியது. செப்டம்பர் 28இல் வெள்ளிச் சுரங்க நகரமான குவானாஹுவாத்தோவின் தானியக் களஞ்சியத்தை முற்றுகையிட்டது. உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், நகரம் சூறையாடப்பட்டது. அந்தப் பயங்கரத்தைக் கண்ணால் பார்த்த 17 வயது லூகாஸ் அலமான் பின்னாளில் பெரிய வரலாற்றாசிரியரானார். அவர் கடைசிவரை இதால்கோவை மன்னிக்கவில்லை.

அக்டோபர் 30இல் தலைநகரின் வாசலில் அரசுப் படையை வென்றும், இதால்கோ உள்ளே நுழையாமல் திரும்பினார். டிசம்பரில் குவாதலஹாராவில் அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டார். 1811 ஜனவரி 17இல் கால்தெரோன் பாலத்தருகே நடந்த போரில் வெடிமருந்து வண்டி வெடித்துக் காய்ந்த புல்வெளி தீப்பற்ற, கிளர்ச்சிப் படை சிதறியது. ஜூலை 30இல் சிவாவாவில் இதால்கோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவர், அயெந்தே, அல்தாமா, இன்னொரு கிளர்ச்சித் தளபதி ஹிமெனெஸ் ஆகிய நால்வரின் தலைகளும் குவானாஹுவாத்தோ களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் கூண்டில் தொங்கின. 1821 வரை தொங்கின.

யாருடைய நாள்?

1821இல் விடுதலையை முடித்து வைத்தவர் அகுஸ்தின் தெ இத்துர்பிதே. தலைநகர் வாசலில் இதால்கோவை எதிர்த்துப் போரிட்ட அதே அரசுப் படை அதிகாரி! ஸ்பெயினில் 1820இல் சீர்திருத்த ஆட்சி வந்ததும் இங்கிருந்த மேட்டுக்குடியினர் தங்கள் சலுகைகள் போய்விடுமோ என்று பயந்தார்கள். பிரிந்துபோவதே நல்லது என்று தோன்றியது. இத்துர்பிதே கிளர்ச்சித் தலைவர் கெரெரோவோடு கைகோத்தார், வென்றார், மறு ஆண்டு பேரரசராக முடிசூட்டிக்கொண்டார்.

பழமைவாதிகள் பல காலம் செப்டம்பர் 27ஐயே உயர்த்திப் பிடித்தார்கள். ஆனால் கிளர்ச்சிக்காரர்கள் வெற்றிக்குக் காத்திருக்காமலே நாள் குறித்துவிட்டிருந்தார்கள். 1812லேயே உயிச்சாப்பன் ஊரில் 16ஆம் தேதியைக் கொண்டாடினார்கள். 1813இல் மொரேலோஸ் என்ற இன்னொரு பாதிரியார், பிறக்கப் போகும் நாட்டுக்கான கொள்கைகளை எழுதியபோது, ஆண்டுதோறும் இந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று கடைசிக் கூறாகச் சேர்த்தார். இரண்டே ஆண்டில் அவரும் சுடப்பட்டார்.

27ஆம் தேதி தளபதிகள் பேசி முடித்த நாள். 16ஆம் தேதி காலணி இல்லாதவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புறப்பட்ட நாள். அதன் களங்கம் தெரிந்தும் மக்கள் அதைத்தான் தங்கள் நாளாக வைத்துக்கொண்டார்கள். அது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன்.

டோலோரெஸ் மணி 1896இல் தலைநகர் மாளிகைக்கு வந்து சேர்ந்தது. அதன் கயிற்றை ஒரு பெண் அதிபர் இழுக்க 2025 வரை ஆயிற்று. அந்த இரவில் கிளாடியா ஷெயின்பாம், பூட்டிய அறையில் குதிகாலால் தட்டிய பெண்ணையும் வாழ்த்தினார். கணவர் பெயரைச் சேர்க்காமல், ஹோசெஃபா ஒர்த்திஸ் தெயெஸ் ஹிரோன் என்ற அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி.

(அடுத்த வாரம்: அல்ஜீரியாவின் நவம்பர் 1)