முறிந்த எலும்பும் நீண்ட வீதியும்

பொத்துவில் கரையோரத்தில் தென்னையிலிருந்து வீழ்ந்து கால் முறிந்தோருட் பலர், இன்றும் முதலில் நாடுவது முறிவு வைத்தியரையே. அதனை அறியாமை என இகழ்வோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. கத்திக்கு அஞ்சுதற்கு மனிதனுக்கு நியாயம் இருந்தது, சரித்திரமே சாட்சி.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்துவிட்டால் பெரும்பாலும் காலை வெட்டி நீக்குவதே வழி. வெட்டியபின்னும் பிழைப்பு உறுதியன்று. கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டரின் பொறுப்பில் 1864, 1866ஆம் ஆண்டுகளில் உறுப்பு நீக்கப்பட்டோர் 35 பேர். மாண்டோர் 16 பேர். கொன்றது பெரும்பாலும் புண்ணிற் புகுந்த அழுக்கே. 1865 ஆகஸ்டில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனொருவனின் புண்ணில் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்தார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. 1867 முதல் 1869 வரை உறுப்பு நீக்கப்பட்ட 40 பேரில் இறந்தோர் அறுவர்தாம்.

கத்தியே வேண்டாம், கட்டே போதும் என்பாருக்கும் ஒரு சொல். இறுகிய கட்டினுள் வீங்கும் தசைக்கு இரத்தம் எட்டாது. தசை மடிந்து சுருங்கும். ரிச்சர்ட் வொல்க்மன் 1881இல் விவரித்த முடக்கம் இதுவே. மூங்கிற் தப்பை மட்டுமன்று, வைத்தியசாலை மாக்கட்டும் இதனைச் செய்யும். விரல் கறுத்தாலோ மரத்தாலோ கட்டினை உடனே தளர்த்துவிக்க வேண்டும். உபாத்தியாயர்கள் இதனை வகுப்பறையிற் சொல்லலாம்.

1940இல் ஜெர்மானியரான குன்ச்சர், தொடையெலும்பினுள் உலோகக் கம்பி செலுத்தும் முறையை அறிவித்தார். மாதக்கணக்கான படுக்கை நீங்கிற்று. ஆயினும் மச்சைக் கொழுப்பு நுரையீரலை அடைக்கும் அபாயம் எஞ்சியது. இடுப்பு மூட்டினை மாற்றிய ஜோன் சார்ன்லியின் கதை வேறு. அவர் முதலிற் பொருத்திய டெஃப்லொன் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தன. ஏறத்தாழ 300 நோயாளர் அதன் விலையைச் செலுத்தினர். அவர் அதனை மறைக்கவில்லை. அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தார். 1962இல் பொலிஎதிலீனுக்கு மாறினார். அந்நேர்மையை நாம் மதிக்கிறோம். நோயாளரிடம் முன்னரே எவ்வளவு சொல்லப்பட்டது என்ற வினாவையும் விடமாட்டோம்.

தோல் கிழிந்த முறிவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து முதற் சில மணி நேரத்துள் கிடைத்தல் வேண்டும். பொத்துவிலிலிருந்து கல்முனைக்கோ 60 கிலோமீட்டருக்கு மேல். நாட்கூலி விட்டு, வாகனத்துக்குக் கடன் வாங்கிப் புறப்படுபவன் எத்தனையாவது மணியிற் போய்ச் சேர்வான்? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அறுகம்குடாப் பாலத்தையும் சிதைத்தது. புதிய பாலம் திறக்கப்பட்டது 2008இல்.