எஸ்கியூலைட்டும் பின்னோக்கிய ஒத்திசைவும்

பின்னோக்கிய ஒத்திசைவு என்பது, ஒரு மென்பொருளின் பழைய பதிப்பில் உருவாக்கிய கோப்புகளும், அப்பதிப்பை நம்பி எழுதிய நிரல்களும் புதிய பதிப்பிலும் மாற்றமின்றி இயங்கும் தன்மையாகும். தரவுத்தள மென்பொருளுக்கு இது இன்றியமையாதது. மென்பொருளை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பல ஆண்டுகளாகச் சேர்த்த தரவைத் திறக்க முடியாமற்போனால் அந்த இழப்பு பயனரையே சாரும். இத்தன்மையைக் காப்பதன் பயனையும் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தோற்றம்

எஸ்கியூலைட்டை உருவாக்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு ஹிப். கடற்படைப் போர்க்கப்பலுக்கான மென்பொருள் பணியில் இருந்தபோது, தரவுத்தள வழங்கி நின்றுபோனால் அதைச் சார்ந்த நிரலும் முடங்குவதை அவர் கண்டார். வழங்கி ஏதுமின்றி இயங்கும் தரவுத்தளத்தை உருவாக்கி, 2000 ஆகஸ்டில் முதற்பதிப்பை வெளியிட்டார். அது தரவைச் சேமிக்க ஜிடிபிஎம் என்னும் வேறொரு மென்பொருளைப் பயன்படுத்தியது. 2001 இல் வந்த இரண்டாம் பதிப்பு தனக்கென ஒரு சேமிப்பு அமைப்பைப் பெற்றது.

2004: ஒரு முறிவு

2004 ஜூனில் மூன்றாம் பதிப்பின் முதல் வெளியீடு வந்தது. யூடிஎஃப்-16 எழுத்துக் குறியாக்கம், படம் போன்ற இருமத் தரவு ஆகியவற்றுக்காகக் கோப்பு வடிவமே மாற்றப்பட்டது. பழைய கோப்புகளை அது நேரடியாகப் படிக்கவில்லை. ஆயினும் பழைய பயனர்கள் கைவிடப்படவில்லை. புதிய செயற்கூறுகளின் பெயர்களில் 3 என்னும் எண் சேர்க்கப்பட்டதால், இரு பதிப்புகளும் ஒரே நிரலுக்குள் மோதலின்றி இயங்கின. பழைய தரவை எஸ்கியூஎல் கட்டளை உரையாக வெளியே எடுத்துப் புதிய கோப்பில் ஏற்றவும் வழி இருந்தது.

அதன்பின் அத்தகைய முறிவு நிகழவில்லை. 2004 இல் உருவாக்கிய மூன்றாம் பதிப்புக் கோப்பை இன்றைய பதிப்பும் படிக்கும், அதில் எழுதும். ஆனால் இதன் மறுதலை எப்போதும் பொருந்தாது. எடுத்துக்காட்டாக, 2010 இல் 3.7.0 பதிப்பு, மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் புதிய முறையைக் கொண்டுவந்தது. அம்முறைக்கு மாற்றிய கோப்பை அதற்கு முந்தைய பதிப்புகளால் திறக்க இயலாது. எனவே அம்முறை விரும்புவோர் மட்டும் தேர்ந்துகொள்ளும் வசதியாகவே வைக்கப்பட்டது.

காக்கப்பட்ட பிழை

ஓர் அட்டவணையின் முதன்மைத் திறவுகோல், ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவது. பள்ளிப் பதிவேட்டின் சேர்க்கை எண்ணை இதற்கு ஒப்பிடலாம். அந்தக் கட்டம் வெற்றாக இருக்கக் கூடாது என்பது எஸ்கியூஎல் தர விதி. ஆனால் தொடக்ககாலப் பதிப்புகளில் நேர்ந்த ஒரு பிழையால், எஸ்கியூலைட் பல வகை அட்டவணைகளில் வெற்று மதிப்பையும் ஏற்றுக்கொண்டது.

பிழையைத் திருத்துவது கடினமன்று. எனினும் திருத்தினால், அந்த நடத்தையைச் சார்ந்து ஏற்கெனவே இயங்கிவரும் நிரல்கள் பழுதாகக்கூடும். ஆகவே பிழை அப்படியே விடப்பட்டு, ஆவணத்தில் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டது. திருத்தம் புதிய வழிகளில் வந்தது. 2013 இல் அறிமுகமான, வரிசை அடையாள எண் இல்லாத அட்டவணை வகையிலும், 2021 இல் 3.37.0 பதிப்பில் வந்த கண்டிப்பான அட்டவணை வகையிலும் அவ்விதி முறைப்படி செயற்படுகிறது. சரியான நடத்தையை வேண்டுவோர் புதிய வகையைக் கேட்டுப் பெறலாம்; பழைய அட்டவணைகள் பழையபடியே இயங்கும்.

விளைவு

எஸ்கியூலைட் இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன் கைப்பேசிகளிலும் இணைய உலாவிகளிலும் இடம்பெற்றுள்ளது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுத் தொகுப்புகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களுள் இதுவும் ஒன்று. 2050 ஆம் ஆண்டு வரை ஆதரவு அளிப்பதே தங்கள் நோக்கம் என இதன் உருவாக்குநர்கள் அறிவித்துள்ளனர்.

இந்த நம்பகத்தன்மைக்கு உருவாக்குநர்கள் ஒரு விலை கொடுத்துள்ளனர். தங்கள் பழைய தவறுகளைத் துடைத்துவிடும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தனர். அதனால் தரவின் உரிமையாளர்களுக்கு, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கோப்பும் இன்று திறக்கிறது.