புகையானுக்கு அடித்த மருந்து எங்கே போனது?

பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970 வாக்கில் ஒரு சிக்கல். நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சிக்கு டயசினான் என்ற பூச்சிக்கொல்லி கேட்கவில்லை. பூச்சி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அங்கே ஆய்வு செய்த என். சேதுநாதன் வயல்நீரையும் சோதித்தார். தொடர்ந்து டயசினான் இட்ட வயலின் நீரில் மருந்து வேகமாகச் சிதைந்தது. இடாத வயலின் நீரில் அந்த வேகம் இல்லை. அவரும் சக ஆய்வாளர் யோஷிடாவும் 1973இல் அறிவித்த ஃபிளாவோபாக்டீரியம் என்ற பாக்டீரியா டயசினானையே கரிம உணவாகக் கொண்டு வளர்ந்தது.

பயிர்ப் பாதுகாப்புக்கு அது தோல்வி. மண் தூய்மிப்புக்கு அதுவே தொடக்கம். அந்த உயிரியை யாரும் ஆய்வகத்தில் படைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் கொட்டிய மருந்துதான் தன்னைத் தின்னும் கூட்டத்தை வளர்த்துவிட்டது.

பின்னாளில் இன்னொரு வியப்பும் சேர்ந்தது. இந்த ஃபிளாவோபாக்டீரியத்தில் மருந்தை நீராற்பகுக்கும் நொதிக்குரிய மரபணு, அமெரிக்காவில் கிடைத்த சூடோமோனாஸ் டிமினூட்டா என்ற பாக்டீரியாவிலும் எழுத்து மாறாமல் இருந்தது. அதைச் சுமந்த பிளாஸ்மிடுகள் என்ற சிறு டி.என்.ஏ. துண்டுகள் வேறு, மரபணு ஒன்று. ஆகவே எந்தப் பாக்டீரியா என்பதைவிட எந்த மரபணு, அது எங்கெல்லாம் தாவுகிறது என்பதே பொருளுள்ள கேள்வி.

ஆனால் 'சிதைந்தது' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதே ஃபிளாவோபாக்டீரியம் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியையும் உடைக்கும். உடைந்து வரும் பாரா நைட்ரோஃபீனாலை அதனால் மேற்கொண்டு செரிக்க முடியாது. அதுவும் நஞ்சுதான். மூலமருந்தின் அளவை மட்டும் பார்த்தால் மண் தேறியதாகத் தெரியும். எஞ்சியதைப் பார்த்தால் வேலை பாதியில் நிற்கிறது.

களத்தில் இன்னொரு தடை உண்டு. குடுவையில் கொழுத்து வளரும் உயிரி, புதிய மண்ணில் உணவுக்கும் ஈரத்துக்கும் உள்ளூர்க் கூட்டத்தோடு போட்டியிட வேண்டும், பெரும்பாலும் தோற்கிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு வேளாண் கூட்டுறவு நிலையத்தில் அட்ரசின் என்ற களைக்கொல்லி சிந்தி, ஒரு கிலோ மண்ணில் 29,000 மில்லிகிராம் வரை ஏறியபோது ஆய்வாளர்கள் இந்தப் போட்டியையே தவிர்த்தார்கள். அட்ரசினை உடைக்கும் நொதியை ஈ. கோலை பாக்டீரியாவில் மிகுதியாக உருவாக்கி, செல்களைக் கொன்றுவிட்டு மண்ணில் கலந்தார்கள். மரபணு மாற்றிய உயிரி பரவிவிடும் என்ற அச்சமும் அத்தோடு தீர்ந்தது. 8 வாரத்தில், இறந்த செல்கள் மட்டும் இட்ட பாத்திகளில் அட்ரசின் 52 விழுக்காடு குறைந்தது. உள்ளூர் நுண்ணுயிர்களைத் தூண்ட பாஸ்பேட்டும் சேர்த்த பாத்திகளில் 77. செல்களே இடாத பாத்திகளில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. 2000இல் வெளியான இந்த ஆய்வில் மண்ணைத் தேற்றியவை செத்த பாக்டீரியாக்கள் என்பது வேடிக்கைதான். அவற்றின் நொதி சாகவில்லை.

எனவே ஒரு மில்லி லிட்டரில் இத்தனை கோடி உயிரணுக்கள் என்று நுண்ணுயிர்ச் சீசாவில் அச்சிட்டிருப்பது தூய்மிப்புக்குச் சான்றாகாது. மூலமருந்து எவ்வளவு குறைந்தது, இடைப்பொருள் எவ்வளவு எஞ்சியது, எதுவும் இடாத பாத்தியில் என்ன நடந்தது: இம்மூன்று அளவீடுகளும் இல்லாத சிபாரிசை ஏற்பதற்கில்லை.