பிறைக்குப் பின்னால் ஒரு பெயர்

பிறை பார்க்க மேற்கு வானில் கண்வைத்து நிற்கும் நாம் காண்பது சந்திரனின் ஒரு முகத்தை மட்டுமே. பூமியை ஒருமுறை சுற்றும் அதே காலத்தில் சந்திரன் தன்னையும் ஒருமுறை சுற்றிக்கொள்வதால், அதன் மறுமுகம் நம் பக்கம் திரும்புவதே இல்லை. அதை இருண்ட பக்கம் என்பது பிழை. நமக்கு அமாவாசையாகும் நாளில் அங்கே முழு வெளிச்சம். 1959 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியத்தின் லூனா 3 விண்கலம் படமெடுக்கும்வரை அந்த நிலத்தை மனிதர் எவரும் கண்டதில்லை.

அங்கேயுள்ள பழைய பள்ளமொன்றுக்குச் சர்வதேச வானியல் ஒன்றியம் 1976இல் சூட்டிய பெயர் இப்னு பிர்னாஸ். அதன் குறுக்களவு ஏறத்தாழ 89 கிலோமீற்றர். பொகவந்தலாவையிலிருந்து கொழும்புக்கு நேர்கோடு இழுத்தால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வரும். நமது ஊரைப் போலவே அதுவும் நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. சந்திரனில் மழையுமில்லை, காற்றுமில்லை. பின்வந்து விழுந்த விண்கற்களே அதன் விளிம்பைத் தேய்த்துவிட்டன. தென்மேற்கு விளிம்பை ஒட்டி 'கிங்' என்ற இளைய பள்ளம் கூர் மழுங்காமல் கிடக்கிறது. அதன் நடுவிலுள்ள குன்று நண்டின் கொடுக்குப் போலப் பிளந்திருக்கும்.

அப்பாஸ் இப்னு பிர்னாஸ் 9ஆம் நூற்றாண்டில், உமையாக்கள் ஆண்ட குர்துபாவில் வாழ்ந்தவர். கவிஞர். கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையை அந்தலூஸில் கண்டவர் என்றும், வீட்டிலேயே வான்மண்டலக் காட்சியொன்றை அமைத்தவர் என்றும் அவரைப் பற்றி எழுதிவைத்துள்ளார்கள். ஹிஜ்ரி 274இல், அதாவது 887இல், காலமானார்.

அவர் பறந்த கதை நமது மேடைகளில் அடிக்கடி கேட்பது. பத்து நிமிடம் பறந்தார் என்பார்கள். விமானத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்பார்கள். சான்று சொல்வது இதைவிடக் குறைவு. விரிவான குறிப்பைத் தருபவர் 1632இல் மறைந்த அல் மக்கரீ. சம்பவத்துக்கும் அவருக்குமிடையே ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேலான இடைவெளி. உடம்பில் இறகுகளைப் பொருத்தி, இறக்கைகள் கட்டி, கணிசமான தூரம் பறந்து, இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்கிறார் அவர். நிமிடக் கணக்கு அதில் இல்லை. ஆனால் வேறொரு சாட்சி உண்டு. அதே காலத்து அரசவைக் கவிஞர் முஃமின் இப்னு ஸயீத், இப்னு பிர்னாஸைக் கேலி செய்தே பழகியவர். கழுகின் இறகணிந்து அவர் பறந்ததை அவரும் தமது கவிதையில் குறிப்பிடுகிறார். புகழ் பாட வேண்டிய தேவை இல்லாதவரின் சொல் என்பதால் வரலாற்று மாணவனுக்கு அதன் பெறுமதி அதிகம்.

அல் மக்கரீயின் குறிப்பில் இன்னொரு செய்தி இருக்கிறது. பறவை இறங்கும்போது வாலைப் பயன்படுத்துகிறது. அதை அறியாத இப்னு பிர்னாஸ் தமக்கு வால் வைத்துக்கொள்ளவில்லை. அடிபட்டது அதனால்தான் என்று அது சொல்கிறது. பெருமை பேசும்போது நாம் விட்டுவிடுவது இந்த வரியைத்தான். முயன்றவர் யார் என்பதோடு ஏன் விழுந்தார் என்பதையும் எழுதிவைத்த சமூகம் அது. அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் வகுப்பறையில் ஒரு பிள்ளை எழுந்து, "அப்படியென்றால் வால் எப்படி இருக்கவேண்டும், சேர்?" என்று கேட்கும்.