பொதுக் கட்டளை ஓடும் தமிழ்க் கோப்புகளும்

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2005 இல் தோன்றிய நூலகம் திட்டம் போன்ற மின்னாவணவாக்க முயற்சிகளை அவ்விழப்பிலிருந்து பிரித்து நோக்க முடியாது. ஆயிரக்கணக்கான பக்கப் படிமங்களுக்குப் பெயரிடுதல், படிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்தல் ஆகியன கட்டளைக் கோப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகள். குடாநாட்டில் விண்டோசில் எழுதப்படும் அத்தகைய கோப்பு, ரொறன்ரோவில் லினக்சிலும் இலண்டனில் அப்பிள் கணினியிலும் இயங்கவேண்டி வரலாம். அதனை வாசித்து நிறைவேற்றும் மென்பொருளாக எதை வழமையாகக் கொள்வது? ஆங்கிலத்தில் அம்மென்பொருளை ‘ஷெல்’ என்பர். போரைக் கண்ட யாழ்ப்பாணத்தாருக்கு அச்சொல் எறிகணையையே முதலில் நினைவூட்டும். ஆதலின் இங்கு ‘கட்டளை ஓடு’ என்கிறோம்.

1979 இல் யூனிக்சின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ஸ்டீவன் போர்னின் ஓடே இன்றைய பொது இலக்கணத்தின் மூலமாகும். யூனிக்சை நிறுவனங்கள் தத்தம் போக்கில் வளர்த்தமையாற் சிதறிய வழக்குகளை 1992 இல் போசிக்ஸ் நியமம் ஓரளவு ஒன்றுபடுத்தியது. இதற்கிடையே, குனூ இயக்கத்துக்காகப் பிரையன் பொக்ஸ் எழுதி 1989 இல் வெளிவந்த ‘பாஷ்’ வளமான விரிவுகளுடன் பரவிற்று. லினக்சில் ‘எஸ்எச்’ என்ற பொதுப்பெயரால் அழைத்தாலும் பெரும்பாலும் பாஷே விடையிறுத்தது. இடர் அங்கேதான் விதைக்கப்பட்டது. 2006 இல் உபுண்டு, வேகங் கருதி, அப்பெயரில் ‘டாஷ்’ எனும் சிறிய ஓட்டை அமர்த்தியபோது, பாஷின் தனிவழக்கைப் பொதுவழக்கென நம்பிய கோப்புகள் முறிந்தன. அப்பிள் நிறுவனமோ பாஷின் 3.2 ஆம் பதிப்போடு நின்றுவிட்டு, 2019 இல் ‘இசட்’ ஓட்டை வழமையாக்கிற்று. பாஷின் பிந்திய பதிப்புகள் ஜி.பி.எல். மூன்றாம் உரிமத்தின்கீழ் வந்தமையோடு இது பரவலாகத் தொடர்புபடுத்தப்படுகிறது. மைக்ரோசொப்டின் வழி வேறு. 2006 இல் வெளிவந்த அதன் பவர்ஷெல் 2016 இலேயே திறந்த மூலமாகிப் பிற முறைமைகளை எட்டியது.

தமிழுக்கோ இன்னுமொரு சிக்கல் உண்டு. விண்டோசில் முறைமையின் வழமைப் பக்கமாக அமையத்தக்க, ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துப்பக்கம் எதுவும் தமிழுக்கு வகுக்கப்படவில்லை. எனவே தமிழ்ப்பெயர்களைக் கையாளும் மரபுவழித் தொகுதிக்கோப்பு, 65001 எனும் பக்கத்தைத் தெரிவுசெய்யாதவிடத்து, அப்பெயர்களைச் சிதைத்துவிடும். பாஷும் விலக்கன்று. ‘அம்மா’ என்பதன் நீளத்தை வினவினால் யூரிஎப்-8 அமைவில் 5 என்னும். மொழியமைவு இல்லாதபோது, குறிக்கு மூன்று பைட்டாக, 15 என்னும். அரிவரி வகுப்புப் பிள்ளை சொல்லும் 3 இரண்டிலும் வராது.

போசிக்ஸ் வரையறைக்குள் நிற்கும் எஸ்எச் ஐயே வழமையாகக் கொள்ளவேண்டும் என்பது நமது துணிபு. அது வறியதுதான், ஆயினும் தனியொரு நிறுவனம் திரும்பப் பெறக்கூடியதன்று. பாஷை விரும்புவோர் முதல் வரியில் அதன் பெயரை வெளிப்படையாக எழுதுக. பைதன் போன்ற மொழிகள் பெரும்பணிகளுக்கு உகந்தன. எனினும் அவற்றை முதலில் நிறுவியாகவேண்டும். விண்டோசுக்கெனத் தனிக்கோப்பு எழுதுவதிலும், கிட் தொகுப்புடன் வரும் பாஷை அங்கே நிறுவுதல் நன்று. இரட்டைக் கோப்புகளில் ஒன்று திருத்தப்பட, மற்றது மறக்கப்படும். விண்டோசில் சேமித்த கோப்பின் வரியிறுதியில் ஒட்டும் கட்புலனாகா ஒரு குறி, லினக்சில் முதல் வரியிலுள்ள ஓட்டின் பெயரையே பிழையாக்கிவிடும். அனுப்புமுன் அதனை நீக்குதல் வேண்டும். படிமங்களுக்கு எண்களாற் பெயரிட்டு, தமிழ்த் தலைப்புகளை யூரிஎப்-8 பட்டியலொன்றில் வைத்தால் எந்த ஓடும் அவற்றைத் தீண்டாது.