மெஷினின் வாயும் மனிதனின் கையும்

ரோட்டோரக் கரும்பு ஜூஸ் மெஷினைக் கவனித்திருப்பீர்கள். கரும்பின் நுனி உருளைகளுக்கு நடுவில் மாட்டிவிட்டால் போதும், அப்புறம் தள்ளவே வேண்டாம், அதுவாகவே உள்ளே போகும். உட் சிப்பர் என்கிற மரக்கிளை நொறுக்கும் மெஷினும் இதே ரகம்தான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி ஒரு பக்கம் கிளையைக் கொடுத்தால் மறுபக்கம் சில்லுசில்லாகத் துப்பும். இதில் உருளைக்குப் பின்னால் கத்தி இருக்கிறது. கிளை எது, சட்டைக் கை எது என்று உருளைக்குத் தெரியாது.

இந்த ஆபத்து உட் சிப்பரோடு வந்தது இல்லை. இங்கிலாந்தில் நீராவி எஞ்சின் வயலுக்கு வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. கதிரடிக்கும் மெஷினின் மேல் நின்று கட்டுகளைப் போட்டவர்கள் கால் தவறி டிரம்மிலேயே விழுந்தார்கள். 1878இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அந்த மெஷினுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. டிரம்மையும் தீனி போடும் வாயையும் அடைத்துப் பாதுகாக்க வேண்டும், மீறினால் அதிகபட்சம் 5 பவுண்டு அபராதம். 1897இல் மாட்டுத் தீவனம் நறுக்கும் மெஷினுக்குத் தனிச் சட்டம் வந்தது. தீனி போடுபவரின் கை உருளைகளுக்கு நடுவே கத்தி வரை இழுக்கப்படாதபடி வாயை அமைக்க வேண்டும் என்றது. கையால் சுற்றும் மெஷின்களை இரண்டு சட்டமும் விட்டுவிட்டன. நியாயம்தான். சுற்றுகிற ஆள் அலறல் கேட்டதும் நிறுத்திவிடுவான், நீராவிக்கு ஏது காது?

அப்புறம் டிராக்டர். 1918இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் 8-16 டிராக்டரில் பி.டி.ஓ. தண்டு வைத்து விற்றது. எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு அது. பின்னாளில் நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பொது அளவானது, அதாவது நொடிக்கு 9. "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் பசுமைப் புரட்சிக்குப் பின் பஞ்சாப், ஹரியானா பக்கம் கதிரடிக்கும் மெஷினில் கை இழந்தவர்கள் ஏராளம். 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. நஷ்டஈட்டைப் பற்றியும் பேசிய சட்டம் அது. இந்தியத் தர நிர்ணயமோ, தீனி போடும் தகரப் பாதை குறைந்தது 90 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதில் 45 செ.மீ. மேலே மூடியிருக்க வேண்டும் என்றது. கையை நீட்டினாலும் டிரம் எட்டாது. ஆயிரம் எச்சரிக்கைப் பலகையைவிட இந்தத் தகரம் மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் மெஷின் அடைத்துக்கொண்டால் தகரம் உதவாது, ஏனென்றால் மூடியைத் திறப்பவரே அதை ஓட்டுபவர்தான். மழுங்கிய கத்தி, நார் உரியும் பச்சைப் பட்டை, ஈர இலை, எஞ்சின் வேகம் குறைவது, இவைதான் அடைப்புக்கு வழக்கமான காரணங்கள். அமெரிக்காவில் 1992 முதல் 2002 வரை உட் சிப்பர் விபத்தில் வேலை நேரத்தில் இறந்தவர்கள் 31 பேர். இதுபோன்ற சாவுகள் இரண்டு விதமாக நடந்திருக்கின்றன. ஒன்று, வாய்க்குள் இழுக்கப்படுவது. இன்னொன்று, கத்தித் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் திறந்து, அது தெறித்து வந்து அடிப்பது.

அதனால்தான் வரிசை முக்கியம். உருளை உள்ள மெஷினில் முதலில் அதைப் பின்னோக்கிச் சுற்ற விட்டுப் பார்க்கலாம். கிளை வெளியே வரவில்லையென்றால் பி.டி.ஓ.வைத் துண்டித்து, எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். கனமான தட்டு, சக்தி நின்ற பிறகும் சில நிமிடம்கூட சுற்றும். அது முழுசாக நின்று, பி.டி.ஓ. தண்டையும் கழற்றிய பிறகுதான் மூடியில் கை வைக்கலாம். காலால் உதைத்துத் தள்ளுவது எக்காலத்திலும் கூடாது.

அந்தச் சில நிமிடம் ஏன் பொறுப்பதில்லை? காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இது காஸ்டிங் கணக்காகத்தான் தெரிகிறது. மெஷின் மணிக்கணக்கு வாடகைக்கு வந்திருந்தால், சும்மா நிற்கும் நேரத்துக்கும் பில் ஏறும். காத்திருக்கும் செலவு யாரோ ஒருவர் கணக்கில் உடனே விழுகிறது. கை போனால் வரும் செலவு எந்த பில்லிலும் இல்லை. வாடகை பேசும்போதே அடைப்பு எடுக்கும் நேரத்தைத் தனியாகக் கழித்துவிட்டால் என்ன? சட்டம் எதுவும் தேவையில்லை, இரண்டு பேர் வாய்ப்பேச்சாகவே முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. எல்லாம் நின்ற பிறகும், ஒரு கத்தியைத் தொட்டுத் தட்டைத் திருப்பினால் அடுத்த கத்தியும் கூடவே நகரும், உள்ளே இருக்கும் இன்னொரு கையை நோக்கி. தட்டு திரும்பாமலிருக்கப் பூட்டும் முளை ஒன்று பல மெஷின்களில் உண்டு. அதை மாட்டிவிட்டு, ஒரு குச்சியால் நோண்டி எடுக்க வேண்டியதுதான்.