வண்டியின் அடிவயிற்றில் ஒரு தேன்கூடு

சென்ற மாதம் நம் பழைய கார் மேட்டில் ஏற மறுத்தது. பதினேழு ஆண்டுகள் உழைத்த வண்டி. பணிமனைக்காரர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சைலன்சர்ல கன்வர்ட்டர் அடைச்சிருக்கு சார்" என்றார். புதிது மாற்ற அவர் சொன்ன தொகை, வண்டியை விற்றால் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. நம் முகத்தைக் கண்டு இரங்கியவராய், "உள்ளே இருக்கறதைத் தட்டி எடுத்துட்டு வெறும் டப்பாவை மாட்டிடலாம், ஐநூறு ரூபாதான். வெளியே பார்த்தா யாருக்கும் தெரியாது" என்றார். ஒருநாள் அவகாசம் கேட்டுத் திரும்பினோம். அந்த இரவில் படித்தவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்கிறோம்.

1943 சூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலமாதலால், சப்பானியரின் நச்சுப்புகையோ என்று மக்கள் அஞ்சினர். உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தவர் ஆரி ஹாகன் ஸ்மிட் என்னும் டச்சு வேதியியலாளர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்து கொண்டிருந்தவர் அவர்! எரியாத எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கூடி ஓசோனாக மாறுவதை 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். பகைவர் வெளியிலிருந்து வரவில்லை; பெருமளவும் மக்கள் ஓட்டிய கார்களிலிருந்தே வந்தனர்.

அதே காலத்தில், பந்தயக் கார்ப் பித்தரான யூஜின் ஹூத்ரி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் அமெரிக்காவில் ஒரு வினையூக்கி மாற்றியை உருவாக்கினார். (வினையூக்கி! தான் தேயாமல் பிற பொருள்களின் வினையை ஊக்குவது. இச்சொல்லை ஆக்கியவர் யாராயினும் வணங்கத்தக்கவர்.) எனினும் அது கார்களுக்குப் பயன்படவில்லை. எஞ்சின் தட்டாதிருக்க 1920கள் முதல் பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயம், வினையூக்கியின் மேல் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்தது. ஹூத்ரி 1962இல் மறைந்தார். தம் கருவி சாலைக்கு வந்ததை அவர் காணவில்லை.

1970இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் கார்ப்புகையின் நச்சை 90 விழுக்காடு குறைக்கப் பணித்தது. பீங்கானில் மெல்லிய துளைகள் கொண்ட தேன்கூடு வடித்து, அதன்மேல் பிளாட்டினம் போன்ற அரிய உலோகங்களைப் பூசினர். 1975ஆம் ஆண்டின் கார்களில் அது பரவலாக ஏறியது. ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. அப்போது நம் தலைநகருக்குச் சட்டப்படி 'மெட்ராஸ்' என்றே பெயர். 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. உலகின் கடைசி ஈயப் பெட்ரோல் அல்ஜீரியாவில் 2021இல்தான் நின்றது.

விலைக்குக் காரணமும் அப்பூச்சுதான். அதிலுள்ள ரோடியம் 2021 மார்ச்சில் ஓர் அவுன்சு 29,000 டாலரைத் தாண்டியது.

மறுநாள் பணிமனைக்குச் சென்று, புதிதாகவே மாற்றச் சொன்னோம். ஆனால் முதலில் அடைப்பின் காரணத்தைப் பார்க்கவேண்டும் என்றோம். பழுதான ஒரு சுருள், சரியாகப் பொறி தராமல் எரியாத பெட்ரோலைக் கன்வர்ட்டருக்கு அனுப்பி, அங்கே அது எரிந்து தேன்கூட்டை உருக்கியிருந்தது. அதனையும் மாற்றினார்.

பழையதைத் தாமே வைத்துக்கொள்வதாக அவர் சொன்னபோது, "ரோடியம் இருக்குமே?" என்றோம். சற்று நேரம் நம்மை உற்றுப் பார்த்தார். பின்னர் சிரித்துக்கொண்டே கணக்கில் இரண்டாயிரம் ரூபாயைக் கழித்தார்.